கை எட்டாத இடம்

வலது தோள்பட்டைக்குக் கீழே
முதுகெலும்பை நோக்கிச் சரியும் இடத்தில்
அவள் பெயர் இருக்கிறது.
இவர் கை அங்கே எட்டாது.
அதனால் மருந்து போடுவது என் வேலையாயிற்று.

தேசிய சேவையில் இருந்தபோது,
ஒரு வார இறுதி விடுப்பில் குத்திக்கொண்டதாம்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.
பதினோரு வருடம் கேட்காமலே
அந்த முதுகின் பக்கம் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

கேட்டது ஆதிரன்தான்.
தொடக்கநிலை ஒன்றில் எழுத்துக்கூட்டப் பழகிய புதிது.
கட்டுமான வேலியில் தொங்கும் ‘அபாயம்’,
எம்ஆர்டி பலகை, எதையும் விடமாட்டான்.
செங்காங் நீச்சல் குளத்தில்
அப்பா நீர் சொட்டப் படியேறித் திரும்பியபோது
கு… ழ… லி…
விரல் நீட்டி வாசித்தான், குளமே கேட்க.
“அம்மா, இது உங்க பேர் இல்லையே?”

மறுவாரமே நொவீனாவில் நேரம் வாங்கினார்.

டாக்டர் சியா தந்த தாள்
ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ்:
கொப்புளத்தை உடைக்காதே. சொறியாதே.
பொருக்கை உரிக்காதே, தானாக விழும்.
குளம் கூடாது. இறுக்கமான சட்டை கூடாது.
வெயில் கூடாது.
இந்த ஊரில் இருந்துகொண்டு
வெயில் கூடாது என்று எழுதித் தருகிறார், பாவம்.

முதல் நாள் எழுத்துகள்
வெள்ளையாய்ப் பொங்கி நின்றன,
வெண்கட்டியால் யாரோ எழுதிவிட்டுப் போனதுபோல.
கருகிய மயிர் நாற்றம்
ஊதா வழித்தட ரயிலில் எங்களோடு நின்றுகொண்டே வந்தது.
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைக் கைக்குட்டையில் சுற்றிப்
பத்து நிமிடம் வைத்தேன்.
அந்தப் பட்டாணி மறுநாள் குருமாவில் போயிற்று.

மூன்றாம் நாள் ‘கு’வின் வாலில் கொப்புளம்.
உள்ளே தெளிந்த நீர்.
ஊசி எடுத்து ஒரு குத்துக் குத்தக்
கை எவ்வளவு துடித்தது தெரியுமா.
குத்தவில்லை.
உப்புக்கரைசலில் நனைத்த துணியால் ஒற்றி,
வாசலினை மெல்லிசாகப் பூசி,
ஒட்டாத வலைத்துணி வைத்து
நான்கு ஓரமும் நாடா ஒட்டினேன்.
யாருடைய பெயரையும் நான்
இவ்வளவு பத்திரமாகத் தொட்டதில்லை.
என் பெயரையும்.

காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை.
இவர் சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து
கைப்பேசியில் பந்தாட்டம் பார்ப்பார்.
அரிக்கிறது என்றால்
சுற்றிலும் தட்டிக்கொடுப்பேன். தட்டலாமாம்.
அவளைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று
இரண்டு மாதம் காத்திருந்தேன்.
“கொஞ்சம் இடப்பக்கம்” என்றார்.
அவ்வளவுதான்.

லேசர் உடைக்க மட்டும்தான் செய்யும் என்றார் டாக்டர்.
உடைந்த மையைத் துகள் துகளாய்
உடம்புதான் சுமந்துகொண்டு போகவேண்டும்.
அதற்குத்தான் ஏழு வார இடைவெளி.
கொஞ்சம் மை அக்குளில், ஒரு நிணநீர்க் கணுவில்
போய்த் தங்கிவிடுமாம், ஆயுசுக்கும்.
தங்கட்டும்.
அப்படி ஒரு கணு எனக்கும் உண்டு.
மை இல்லாதது.

ஐந்து தடவை முடிந்தபோது
கு போய்விட்டது. லி ஒரு நீலக் கீறல்.
ழ மட்டும் அசையவில்லை.
அதன் சுழிக்குள் பச்சை நிரப்பியிருந்தான் குத்தியவன்;
பச்சை பிடிவாதமான நிறமாம்.
போதாததற்கு, நம் நிறத்துத் தோலில்
மை போன இடம் வெளுத்து நிற்கலாம் என்றார்கள்,
எழுத்தின் வடிவத்திலேயே.
பக்கவாட்டு வெளிச்சத்தில் இப்போதே தெரிகிறது,
அலமாரியில் ஸ்டிக்கர் உரித்த தடம்போல.

ஆறாவது, போன சனிக்கிழமை.
நேற்று இரவு களிம்பு பூசும்போது
ஆட்டத்தை நிறுத்திவிட்டு இவரே சொன்னார்:
“குளலிக்கு இப்ப நாப்பது வயசு இருக்கும்.”

“குழலி” என்றேன்.
நாக்கை மடித்து, சுத்தமாக.

விரலுக்கடியில் முதுகு ஒரு நொடி இறுகித்
தளர்ந்தது.
அறைக்குள்ளிருந்து ஆதிரன்
“யாரும்மா?” என்றான்.

நாடாவின் கடைசி ஓரம்
வியர்வையில் ஒட்டமாட்டேன் என்றது.
அழுத்திக்கொண்டே இருந்தேன்.