ஹேங்க்ஸ்வில்லுக்கு வடக்கே

வரைபடத்தில் புள்ளிக்கோடு.
நேரில் அதுகூட இல்லை:
வறண்ட ஓடை, யாரோ போன வாரம்
விட்டுப்போன டயர்த் தடம்.

தேய்ன் ஓட்டுகிறார்.
பின்சீட்டில் டேலன்,
நேற்றிரவுச் சண்டையை இன்னும் இறக்கிவைக்காமல்.
நடுவில் இரண்டு நாய்கள், எச்சில் ஒழுக,
யார் பக்கமும் சேராமல்.

பிறகு பாறைகள்.
ஒட்டிய கழுத்தில் ஊதிய தலை;
பேச்சு பாதியில் நின்ற கூட்டம்போல
சிவந்து நின்றன.
பதினாறு கோடி வயதாம்.
கேஸ்கெட் காலைத் தூக்கி
ஒன்றின்மேல் கையெழுத்துப் போட்டது.

ஜூனியைக் காணோம்.

அவர் கிழக்கே, மகன் மேற்கே.
ஜூனி! ஜூனி!
பாறை இரண்டு குரலையும் வாங்கிப் பிசைந்து
யாருடையதென்று தெரியாதபடி
திருப்பிக் கொடுத்தது.
தண்ணீர்க் கேனோடு நின்ற எனக்கும் தெரியவில்லை.
எப்போது வந்தது இவனுக்கு
அந்தத் தொண்டை?

ஒரு மணி நேரம்.
அது வண்டிக்கு அடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது,
நடுப்பகலின் ஒரே நிழலில்,
காதில் கறுப்பாய்ச் சொட்டு விழ.

இருவரும் முட்டிபோட்டு
ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள்.

"ஆயில் ஒழுகுது."
"பார்த்தேன்ப்பா.
டார்ச் எடுத்துட்டு வரேன்."