எரியும் பெயர்

முகமூடிக்குள் யார் என்று தெரியாது,
அதனால் ஏப்ரனில் பெயர் எழுதுவோம்.
ஃபாரா எனக்கு எழுதுவான், நான் அவனுக்கு.
கறுப்பு மார்க்கரில்: சியா. உள்ளே போன நேரம் 10.20.
நாற்பது நிமிடம் தாண்டினால்
பூட்ஸுக்குள் வியர்வை சளசளக்கும்.

வெளியே வந்ததும் குளோரின்.
கையுறைக்குக் குளோரின், கண்ணாடிக்குக் குளோரின்.
ஏப்ரன் மட்டும் குழிக்குப் போகும்,
டீசல் ஊற்றுவார்கள்.
ஒரு நாளைக்கு மூன்று முறை
என் பெயர் சுருண்டு கருகுவதைப் பார்க்கிறேன்.
பழகிவிட்டது என்றுதான் சொல்லிவருகிறேன்.

கொனாக்ரியிலிருந்து ஒருத்தி வந்தாள்,
எங்களைப் பேசவைக்க.
மாமரத்தடியில் இரண்டு நாற்காலி, நடுவே இரண்டு மீட்டர்.
தூங்குகிறாயா?
தூங்குகிறேன்.
சாப்பிடுகிறாயா?
மீனிலும் குளோரின் வாடை.
அழுகிறாயா?
கண்ணாடிக்குள் அழுதால் ஆவி படியும்,
ஊசி போட நரம்பு தெரியாது.
அவள் பேனா அப்படியே நின்றது.

ஏழாம் படுக்கைப் பையனைப் பற்றிச் சொல்லவில்லை.
என் மார்பை எழுத்துக்கூட்டிப் படித்தவன்.
மறுநாள் கண்டே போனாள்;
அவளையும் சியா என்றே கூப்பிட்டானாம்.
அதற்கடுத்த நாள்
படுக்கையைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள்.

இன்று காலை ஃபாராவிடம் கேட்டேன்:
மாற்றி எழுதிக்கொள்வோமா,
உன் பெயர் எனக்கு, என் பெயர் உனக்கு?
விதிமுறைப்படி தப்பு என்றான்.
மார்க்கர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு எழுதினான், கோணலாக.

உள்ளே யாரோ
ஃபாரா, தண்ணீர் என்றார்கள்.
இரண்டு பேருமே திரும்பினோம்.