ஒன்றே கால் டன்

தேவகோட்டை ரஸ்தா பக்கம் இரண்டு ஷோரூம், எதிரெதிரே.
ஒருவர் டீ தந்தார், மற்றவர் பாதாம்பால்.
பாதாம்பால்காரர் வண்டி அறுபதாயிரம் கூடுதல்:
ஒன்றே முக்கால் டன், ஏசி,
மேட்டில் யானை மாதிரி இழுக்குமாம்.
டீக்காரர் குரலைத் தாழ்த்தினார்:
ஒன்றே கால்தான்.
லிட்டருக்குப் பதினாறு.

வாடகைப் பாத்திரக்காரி எனக்கு
டன் கணக்கு வராது.
நானூறு இலைக்கு ஏழு அண்டா,
நாலு தேக்சா, இரண்டு கிரைண்டர்,
அதன்மேல் மாஸ்டர் சூசை.
அவர் எடை எந்தக் காகிதத்திலும் இல்லை.

இரண்டையும் கானாடுகாத்தானுக்கு
ஓட்டிவரச் சொன்னேன்.
முகப்பு ஒரு தெரு, அடுப்படி அடுத்த தெரு;
நமக்கு எப்போதும் அடுத்த தெருதான்.
பெரியது பின்னால் வந்து
வடிகால் கல்லில் இடித்து
காதை மடக்கிக்கொண்டு நின்றது.
சின்னது நுழைந்துவிட்டது.
அங்கேயே முன்பணம் எண்ணினேன்.

ஆனியில் ஒரே முகூர்த்தம், மூன்று கல்யாணம்.
ஒரு நடையில் முடியவில்லை.
இரண்டாம் நடைக்கு, இருட்டில்,
அண்டாவுக்கும் கதவுக்கும் நடுவே ஒடுங்கியபடி
சூசை கேட்டார்:
"பெருசையே எடுத்திருக்கலாமோ ஆச்சி?"

டீசல் முள்ளைப் பார்த்தேன்.
நகரவே இல்லை, பாவம்.
"தயிர் புளிச்சிரும்,
காலை உள்ள இழுங்க" என்றேன்.