கூடுதல் பொறுப்பு

மாடிப்படிக்குக் கீழே
பூப்பந்துக் கம்பங்கள் கிடந்த அறை.
பெயிண்ட் அடித்து
மகளிரியல் மையம் என்று எழுதினார்கள்.
'ளி' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
புள்ளியியல் நடத்துகிற என்னிடம்
கூடுதல் பொறுப்பு என்றொரு தாளும்
ஒரு சாவியும் தந்தார்கள்.
படியில் யார் இறங்கினாலும்
எங்கள் தலைமேல்தான் இறங்குவார்கள்.

மார்ச் எட்டுக்குக் கோலப்போட்டி என்றார் முதல்வர்.
வைத்தோம்.
நெருப்பில்லாச் சமையல், மருதாணி,
ரத்தசோகை பற்றி ஒரு டாக்டர்.
அறிக்கையில்
பயனாளிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
அது கேசரிக் கிண்ணங்களின் கணக்கு.

உண்மையில் மையம் திறந்தது வேறொரு நாள்.
மின்சாரம் போன மதியம்,
நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டே
அஞ்சுகம் கேட்டாள்:
நம்மூரைப் பற்றிச் சொல்வார்களே மேடம்,
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்,
அழகில்லாத பொம்பளைங்க.
கடைசியதை யார் சேர்த்தது?

கோயிலுக்குச் சாமி எப்பவோ திரும்பி வந்தாச்சு,
பாலாற்றுல அந்த நவம்பர்ல
கரை முட்டத் தண்ணி ஓடிச்சு,
நம்மளை மட்டும் யாரும் திருத்தலை பாரு
என்றாள் மேல்விஷாரத்து ஹபீபுன்னிசா.
சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது.
அதற்குள் மேலேயிருந்து யாரோ
படியைக் காலால் தட்டினார்கள்.

நூலகம் கழித்துக் கட்டிய பீரோவை
புத்தகம் வைக்கத்தான் கேட்டு வாங்கினேன்.
முதலில் உள்ளே போனது
அஞ்சுகத்தின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்.
வீட்டில் அண்ணன்
தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தானாம்.
உரசவில்லை, வைத்தான்.
ஒரு வாரம் மட்டும் மேடம் என்றாள்.

அடுத்த வாரம் இன்னும் நாலு பேர்.
மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ்,
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
விடுமுறையெல்லாம் மேல்தோல் தைத்துச் சேர்த்த
ஒரு பாஸ்புக்,
அப்பா கண்ணில் பட்டால்
அடகுக்கடைக்குப் போய்விடும் ஒரு ஜோடிக் கம்மல்.
ஹபீபுன்னிசா பதிவேடு போட்டாள்.
பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.
எண்ணும் வரிசையாக வேண்டாம் மேடம், கலைச்சுப் போடுவோம்.
நான் கற்பித்த பாடம்தான் அது,
இதற்கென்று கற்பிக்கவில்லை.

நாற்பத்தொன்று ஓர் உறை.
அணைக்கட்டு பஸ்ஸில் வருகிற நிரோஷாவுடையது.
மேலே எழுதியிருக்கிறது:
நான் ரெண்டு நாள் வரலைன்னா.

தர மதிப்பீட்டுக் குழு வந்தது.
மூன்று பேர், கழுத்தில் அட்டை,
தொடாமலே சூடேறிய சாத்துக்குடி ஜூஸ்.
மையத்தின் நோக்கம் என்ன என்றார்கள்.
ஃப்ளெக்ஸைக் காட்டினேன்.
சாதனை என்றார்கள்.
கோலங்களின் ஆல்பத்தைக் காட்டினேன்.
பீரோவில் என்ன?
பழைய வினாத்தாள்கள் என்றேன்.

இரண்டு பேர் வெளியே போனார்கள்.
மூன்றாவது உறுப்பினர்,
ஐம்பது வயதிருக்கும், பருத்திப் புடவை,
பீரோவைப் பார்த்தார்,
என் இடுப்பில் சொருகிய சாவியைப் பார்த்தார்,
பேனாவை மூடினார்.
பூட்டு நல்ல பூட்டுதானே என்று மட்டும் கேட்டார்.

எங்களுக்கு நாலுக்கு இரண்டு மதிப்பெண் வந்தது.

திங்கள் நிரோஷா வரவில்லை.
செவ்வாயும்.
இரண்டு என்பது
எந்த முடிவுக்கும் வரப் போதாத எண்
என்றுதான் வகுப்பில் சொல்வேன்.
காய்ச்சலாக இருக்கலாம்,
பஸ் நின்றிருக்கலாம்,
மாமன் வீட்டுச் சடங்காக இருக்கலாம்.
போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

புதன் காலை.
முதல் மணிக்கு ஓடுகிற கால்கள் தலைமேல்.
வாசலில் ஹபீபுன்னிசா, பேசாமல் நிற்கிறாள்.
சாவி ஒருமுறை மாட்டிக்கொண்டது,
பிறகு திரும்பியது.