இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

தாண்டவன்வெளியில் மின்விசிறியை நிறுத்திவிட்டு
வியர்க்க வியர்க்கக் கேட்கிறோம்,
நானும் றொட்னியும்.

மெல்பேர்னிலிருந்து வந்த புதுத்தட்டு.
துடைத்து மினுக்கிய சத்தம்.
ட்ரம்ஸ் நெஞ்சில் ஏறி மிதிக்கிறது.
பேஸ் கிற்றார் இத்தனை காலம்
எங்கே ஒளிந்திருந்ததாம்?
பாடகன் மூச்சிழுப்பதை மட்டும் காணவில்லை.

பழையது றொட்னியின் தகப்பன் கொழும்பில் வாங்கியது.
எழுபத்தெட்டுச் சூறாவளியின் சேறு
தடங்களுக்குள் இன்னும் கிடக்கிறது.
மூன்றாம் பாட்டில் ஊசி துள்ளும்.
துள்ளும் இடத்தில்
அவள் அவனை மன்னித்திருப்பாள் என்றுதான்
நாற்பது வருடம் நினைத்திருந்தேன்.

புதியதில் ஊசி துள்ளவில்லை.
அவள் மன்னிக்கவில்லை.
கதவைச் சாத்துகிறாள், அவ்வளவுதான்.

"என்ன துல்லியம் மச்சான்!" என்கிறான் றொட்னி.
ஓம், துல்லியம்தான்.

விசிறியைப் போட்டேன்.
பழையதை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தேன்,
சேறு போய்விடாத மாதிரி.