பாதிக் கல் தள்ளி

மூன்றாம் முறை எழுதுகிறேன் இந்த ஆங்கிலத்தை.
கிரிம்ஸ்பியில் பிறந்து
வேறொரு மொழியும் அறியாதவன்
ஆங்கிலத்தில் தோற்றால்
அதற்குப் பெயர் முரண்நகை.
அட்டையில் எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள்.
என் பெயரை எழுதினேன்.
மிஸ் ஹால்டன்பி அரை மதிப்பெண் போட்டார்.

செவ்வாய்தோறும் வகுப்பு.
முடிதிருத்தம் படிக்கும் ஷெல்பி,
கார் பழுது படிக்கும் மாத்தேயுஷ்,
கொத்துவேலை படிக்கும் நான்.
போல வந்தால் உவமை,
போல போய்விட்டால் உருவகம்
என்பாள் ஷெல்பி
கழுத்தில் ஒட்டிய முடியை ஊதித் தள்ளுவது போல.
அது உவமை.

மோனைக்கு மாத்தேயுஷ்
மூன்று வார்த்தை சொன்னான்.
மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கின.
மூன்றும் கெட்ட வார்த்தை.
விடை சரி. வெளியே அனுப்பினார்கள்.

ஒலிக்குறிப்பு எனக்குத் தெரியும்.
கரணைக் காம்பால் தட்டினால்
நல்ல கல் கணீர் என்னும்,
விரிசல் விட்டது தொப்.

காற்று அழுதது என்று எழுதச் சொல்கிறார்கள்.
ஹம்பர் முகத்துவாரத்துக் காற்று
அழுது நான் பார்த்ததில்லை.
எங்களுக்கு முன்பே வேலைக்கு வந்துவிடும்,
தேநீருக்கு உட்காராது,
சம்பளம் கேட்காது.
இதுதான் தற்குறிப்பேற்றம் என்று
ஓரத்தில் சிவப்பாக எழுதியிருந்தது.
தெரியாமல் செய்துவிட்டேன்.

அடி தாண்டுதல் மட்டும்
உடனே பிடிபட்டது. ஒரு வரி
முடிகிற இடத்தில் பொருள் முடியக்
கூடாது. கீழ்வரியின் மூட்டுக்கு
நேர்மேலே மூட்டு வந்தால் சுவர்
பிளக்கும். பாதிக் கல் தள்ளி
வை. இதைப் போய்
இரண்டு வருடம்
வேறு பெயரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நம்பத்தகாத கதைசொல்லி.
சொல்கிறவன் பொய் சொல்லலாம்,
படிக்கிறவர் கவனிக்க வேண்டும்.
ஆகஸ்டில் அம்மாவிடம்
நான்கு வந்துவிட்டது என்றேன்.
நான்கு என்றால் தேர்ச்சி.
வந்தது மூன்று.
மீன் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
முழங்கையில் செதிலோடு
கேக் வாங்கி வந்தாள்.
நீலக் க்ரீமில் என் பெயர்.
இரண்டு துண்டு தின்றேன்.

நவம்பர். மூடுபனி.
க்ளீத்தோர்ப்ஸில் ஒரு தோட்டச் சுவர், இன்று முடிக்கணும்
என்று சொல்லிக் கிளம்பினேன்,
சாந்து படிந்த பூட்ஸ் போட்டு, நம்பும்படி.
தேர்வுக்கூட வாசலில்
சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால்
சீஸ் சாண்ட்விச்சுக்கு மேலே
ரப்பர் பேண்ட் போட்டு
இரண்டு கறுப்புப் பேனா.

கறுப்பு மை தேர்வுக்குத்தான் விதி.
கொத்தனுக்கு எதற்குப் பேனா?
காதில் செருகப் பென்சில் போதும்.

நாடக முரண்:
மேடையில் நிற்பவனுக்குத் தெரியாதது
பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருப்பது.
எத்தனை முறை இந்த அட்டையைப் புரட்டியிருப்பேன்.
மேடையில் நிற்பது யார் என்று
ஒரு தடவையாவது யோசித்தேனா?
எப்போது தெரிந்தது அவளுக்கு?
கேக்குக்குப் பிறகா?
கேக்குக்கு முன்பே என்றால்
அந்த நீலக் க்ரீம்?

வினாத்தாளில் ஒரு கடற்கரைப் படம்.
வெயில், கோடு போட்ட குடை, யாருடையதோ நாய்.
வர்ணிக்கவும். நாற்பது மதிப்பெண்.
குடையை எழுதினேன்.
நாயை எழுதினேன்.
படத்தில் இல்லாத ஒருத்தி
முழங்கையில் செதிலோடு வந்து
குடைக்கடியில் உட்கார்ந்தாள்.
அவளை எதனோடும் ஒப்பிட வரவில்லை.
ஒரு பேனா பாதியில் தீர்ந்தது.
அடுத்ததை எடுத்தேன்.
கடைசி வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்குமுன்
நேரம் முடிந்தது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கழுவினேன்.
பேனாக்களைத் துடைத்து
உள்ளேயே வைத்தேன், ரப்பர் பேண்டோடு.
அவள் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
டப்பாவைத் திறந்து பார்த்தாள், மூடினாள்.

சுவர் என்னாச்சு, என்றாள்.

நிற்கும் போல, என்றேன்.