காணப்பட்டது

ஒஸ்த்ராவாவில் கடல் கிடையாது.
மூடிய சுரங்கங்கள் உண்டு, எட்டாம் நம்பர் டிராம் உண்டு,
மூன்றாம் மாடியில் என் குளியலறைச் சுவரை ஒட்டி
நானூறு லிட்டர் உப்புத்தண்ணீர் உண்டு.
பொட்டல உப்பைப் பக்கெட்டில் கரைத்து
நானே செய்கிற கடல்.
கூரையில் ஈரம் என்று கீழ்வீட்டு ராதிம்
மாதம் ஒருமுறை கதவைத் தட்டுவார்.
அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை.

ஜனவரி. வெளியே மைனஸ் பதினொன்று.
முந்தின மாலைகூட விரல் விரித்து ஆடிய தீப்பந்தப் பவளத்தின்
ஒரு கிளை வாயில்
பழுப்புக் கூழ்,
ஆறிய கஞ்சியின் ஆடைபோல.
பம்ப் தள்ளும் ஓட்டத்தில் அது அசைந்தது,
பவளத்துக்குச் சொந்தமில்லாத ஓர் உயிர்ப்போடு.
மூடியைத் திறந்ததும் நாற்றம். வர்ணிக்க மாட்டேன்.
அன்று காலை நான் சாப்பிடவில்லை.

மருத்துவமனையின் நோய்க்கூறியல் கூடத்தில் இருபத்தேழு வருடம்
முகம் தெரியாதவர்களின் திசுக்களுக்குச் சாயமேற்றியவள்.
என் சமையல் மேடையில் நுண்ணோக்கி இருப்பது அதிசயமில்லை.
ஒரு துளி. ஒரு கண்ணாடித் தகடு. நானூறு மடங்கு.

கூட்டம்.
பூசணி விதை வடிவில் ஒவ்வொன்றும்,
உடம்பெல்லாம் துடிக்கும் மயிரிழை,
முட்டி, விலகி, திரும்பவும் முட்டி.
வயிற்றில் பொன்பழுப்பு உருண்டைகள்.
ஒன்றில் எண்ணினேன், பதினான்கு.
பவளம் தன் தோலுக்குள் குடிவைத்திருந்த பாசி அது,
வெளிச்சத்தைச் சமைத்து வீட்டுக்காரிக்கே சோறு போட்டது,
இன்னும் நிறம் மாறாமல்
வேறொரு வயிற்றுக்குள்.

ஈரத்தைப் பற்றிப் பேச வந்த ராதிம்
கண்ணை வைத்துப் பார்த்தார். இருபது நிமிடம் நகரவில்லை.
"கையும் களவுமாகப் பிடித்துவிட்டாயே லிபுஷே,
இன்னும் என்ன யோசனை?"

சாவு வீட்டுப் பந்தியில்
வயிறாரச் சாப்பிட்டவனெல்லாம் கொலைகாரனா, ராதிம்?

நோய் தொடாத கிளைகளை ரம்பத்தால் அறுத்து
ஊறுகாய்ப் புட்டிகளில் விட்டேன்.
முதல் புட்டியில் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்து:
விதைகள் அத்தனையும் செத்தன. கூழ் இல்லை.
ஆனாலும் தோல் உரிந்தது, மெதுவாக, வெள்ளை வெள்ளையாக.
இரண்டாவதில் பாக்டீரியாவுக்கான மாத்திரை, விதைகளும் கூட:
அவை நீந்தின. கிளை ஒன்பது நாள் தாங்கியது.
பத்தாம் நாளைப் பற்றி எனக்கு விளக்கம் இல்லை.
மூன்றாவதில் விதைகள் மட்டும்:
நான்கு நாள் ஒன்றுமே நடக்கவில்லை.
ஐந்தாம் நாள் ஊசியால் லேசாகக் கீறினேன்.
விடியும்போது பழுப்பு.

அப்படியானால் உள்ளே வரக் கதவு வேண்டும்.
கதவைத் திறந்த ஊசி என்னுடையது.
தொட்டியில் திறந்தது யார்?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்
குளியல்தொட்டியில் கெண்டை மீன், வழக்கம்போல,
அதற்குக் காற்று கொடுக்கிற மோட்டாருக்காக
ஒரு பிளக்கைப் பிடுங்கினேன்.
இருந்தது அந்த ஒரு பிளக் பாயிண்ட்தான்.
நான்கு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது
பிடுங்கியது பவளத்தின் ஹீட்டர் என்று.
தண்ணீர் இருபது டிகிரி.
மறுபடி செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை.
கெண்டையை மறுநாள் வறுத்தோம்,
வால் துண்டு ராதிமுக்கு.

மூன்று வாரம் ஒரு குளிர் ஒளிந்திருக்குமா?
இருக்கலாம். அல்லது
காக்கை உட்கார்ந்த அதே நொடி
பழம் தானாகவே பழுத்திருக்கலாம்.

கூடத்தில் எங்கள் படிவத்தில் ஒரு சொல்தான் அனுமதி:
காணப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தை
மேல்மாடி டாக்டர்கள் நிரப்பிக்கொள்வார்கள்,
சிலசமயம் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவசரமாக.
அவர்களைக் கிண்டல் செய்திருக்கிறேன்.
இப்போது என் நோட்டில் அதே கட்டம்,
பேனா என் கையில்.

மூன்றாவது புட்டியை மட்டும் இன்னும் கொட்டவில்லை.
உள்ளே வெறும் எலும்பு, தின்ன எதுவும் மிச்சமில்லை.
நேற்று ராதிம் வந்தார். கூரையைப் பற்றிப் பேசவில்லை.
"இன்னும் நீந்துகின்றனவா?"
நீந்துகின்றன, என்றேன்.
முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக.